தமிழ் விக்கிக் கருவிகள்: லிங்க்டார்கெட், ஆக்டர் மாற்றங்களுக்குப் பிறகு பழைய குவெரிகளைத் திருத்துவது எப்படி?

#1 கொக்கிமுள்

வணக்கம். விக்கிமீடியாவின் கருவி வழங்கியான டூல்ஃபோர்ஜில் நின்றுபோய்க் கிடக்கும் மூன்று பைத்தான் கருவிகளை மறுபடி ஓட வைக்க வேண்டும். மூன்றுமே தமிழ் விக்கிப்பீடியாவின் ரெப்ளிகா தரவுத்தளத்தில் (கருவிகள் வாசிப்பதற்கான நகல்) நேரடியாக எஸ்கியூஎல் குவெரி போடுபவை. ஏபிஐ (விக்கி மென்பொருளிடம் நிரல் வழியே கேட்கும் வழி) எதிலும் இல்லை.

அ) அதிகம் இணைக்கப்பட்ட சிவப்பிணைப்புகளின் (இன்னும் இல்லாத பக்கத்துக்கான இணைப்பு) பட்டியல். 1054 பிழை வருகிறது: பிஎல்_டைட்டில் என்ற புலம் தெரியாதாம்.

ஆ) ஒரு பகுப்பு மரத்துக்குள் படமில்லாத கட்டுரைகளை எடுத்து, அவற்றில் விக்கித்தரவில் படம் உள்ளவற்றை மட்டும் காட்டுவது. தமிழ் விக்கி டேபிளையும் விக்கித்தரவு டேபிளையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்திருக்கிறது. இது அந்த ஜாயினிலேயே விழுந்துவிடுகிறது.

இ) மாதாந்திரப் பங்களிப்புக் கணக்கு. பதிவு செய்த பயனர், ஐபி, தானியங்கி என்று பிரித்துக் காட்டும். ரெவ்_யூசர்_டெக்ஸ்ட் இல்லை என்கிறது.

நிரல் 2017 வாக்கில் எழுதியது. புலங்களின் பெயரை மாற்றினால் போதுமா, திரும்ப எழுத வேண்டுமா?

#2 சுழியம்

பெயரை மாற்றினால் 1054 போய்விடும். ஆனால் சில இடங்களில் விடை தப்பாக வரும், பிழைச் செய்தியே வராது. அதனால் என்ன மாறியது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. 2017க்குப் பிறகு, விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் தரவுத்தளத்தில் உங்களைப் பாதிக்கக்கூடிய மாற்றங்கள் இவை:

பயனர் பெயர். முன்பு ஒவ்வொரு திருத்த வரிசையிலும் பெயர் எழுத்தாகவே இருந்தது. இப்போது ரிவிஷன் டேபிளில் ரெவ்_ஆக்டர் என்ற எண் மட்டும். பெயர் ஆக்டர் டேபிளில், ஆக்டர்_நேம் புலத்தில்.

தொகுப்புச் சுருக்கம். ரெவ்_காமென்ட் போய் ரெவ்_காமென்ட்_ஐடி. எழுத்து காமென்ட் டேபிளில். இடைக்காலத்தில் ரிவிஷன்_ஆக்டர்_டெம்ப், ரிவிஷன்_காமென்ட்_டெம்ப் என்று இரண்டு டேபிள்கள் இருந்தன. இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிக் குவெரிகள் அந்தக் காலத்தவை. அவற்றை எடுத்து ஒட்டினால் 1054க்குப் பதில் 1146, அதாவது டேபிளே இல்லை என்று வரும்.

இணைப்புகள். உங்களுக்கு முக்கியமானது இதுதான். டெம்ப்ளேட்லிங்க்ஸ், பேஜ்லிங்க்ஸ், கேட்டகரிலிங்க்ஸ் டேபிள்களில் இலக்குப் பக்கத்தின் பெயர்வெளியும் (கட்டுரை 0, வார்ப்புரு 10, பகுப்பு 14 என்ற பக்க வகை எண்) தலைப்பும் (பகுப்புக்குத் தலைப்பு மட்டும்) வரிசைதோறும் இருந்தன. இப்போது லிங்க்டார்கெட் என்று ஒரே டேபிள். அதில் எல்டி_ஐடி, எல்டி_நேம்ஸ்பேஸ், எல்டி_டைட்டில். இணைப்பு டேபிள்களில் பிஎல்_டார்கெட்_ஐடி, டிஎல்_டார்கெட்_ஐடி, சிஎல்_டார்கெட்_ஐடி என்ற எண் மட்டுமே. இமேஜ்லிங்க்ஸுக்கும் இதே பாதைதான். கை வைக்கும் முன் டிஸ்கிரைப் கொடுத்து இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிணைப்புகள். இஎல்_டு போய் இஎல்_டு_டொமைன்_இண்டெக்ஸ், இஎல்_டு_பாத் என்று இரண்டாகப் பிரிந்தது. முதலாவதில் தளப்பெயர் பின்னிருந்து முன்னாக, கடைசியில் ஒரு புள்ளியோடு இருக்கும். உங்கள் கருவிகளில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வழங்கி அமைப்பு. 2021க்குப் பிறகு விக்கிகள் தனித்தனிப் பிரிவுகளாகத் தனித்தனித் தரவுத்தள இயக்கங்களில் இருக்கின்றன. ஒரு விக்கியிலிருந்து இன்னொன்றுக்கு ஜாயின் போட முடியாது. ஆ கருவி விழுவதற்குக் காரணம் இது.

#3 பனையோலை

சுழியம் சொன்னதில் இணைப்பு டேபிள் மாற்றம் ஏன் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். காரணம் தெரிந்தால் புது வடிவம் மறக்காது.

யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு 3 பைட். "தமிழ்நாடு" 9 குறியெண், 27 பைட். தலைப்பின் உச்சவரம்பு 255 பைட். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து, நமக்கு 85 குறியெண். பழைய பேஜ்லிங்க்ஸில் தலைப்பு முதன்மைச் சாவியிலும் உண்டு, பின்னிணைப்பு தேடும் இரண்டு இண்டெக்ஸ்களிலும் உண்டு. 20 குறியெண் தலைப்பு என்றால் ஓர் இணைப்புக்கு 60 + 60 + 60, மொத்தம் 180 பைட். இப்போது அந்த இடத்தில் 8 பைட் எண், மூன்று முறை, 24 பைட்.

இதோடு நம் வழிசெலுத்தல் வார்ப்புருக்களைச் சேர்த்துப் பாருங்கள். 100 இணைப்புள்ள பெட்டியை அந்த 100 கட்டுரைகளிலும் ஒட்டினால் 10,000 வரிசை. ஒவ்வொன்றிலும் முழுத் தலைப்பு.

#4 தறிநாடா

அ கருவிக்கு வருவோம்.

பழைய குவெரி: பேஜ்லிங்க்ஸை எடுத்து, பெயர்வெளி, தலைப்பு இரண்டையும் வைத்து பேஜ் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத வரிசையையும் விடாத ஜாயின்), பேஜ்_ஐடி நல், அதாவது காலி என்றால் சிவப்பு.

புதியது: பேஜ்லிங்க்ஸ் → (பிஎல்_டார்கெட்_ஐடி = எல்டி_ஐடி) லிங்க்டார்கெட் → (பெயர்வெளி, தலைப்பு இரண்டும் சமம்) பேஜ். முதல் ஜாயின் சாதாரணம், இரண்டாவது லெஃப்ட். கட்டுரைகள் மட்டும் வேண்டுமென்றால் எல்டி_நேம்ஸ்பேஸ் 0, பிஎல்_ஃப்ரம்_நேம்ஸ்பேஸ் 0. இந்தக் கடைசிப் புலம் பழையபடியே இருக்கிறது.

சிவப்பிணைப்புக்கு இது சரி. ஆனால் இதே சாதாரண ஜாயினை எங்கிருந்தும் இணைப்பு வராத பக்கங்களைத் தேடும் குவெரிக்கும் பழக்கதோஷத்தில் போட்டுவிடுகிறார்கள். லிங்க்டார்கெட்டில் ஒரு பக்கத்துக்கு வரிசை இருக்க வேண்டுமென்றால் யாராவது எப்போதாவது அதற்கு இணைப்புக் கொடுத்திருக்க வேண்டும். இணைப்பே வராத பக்கத்துக்கு அங்கே வரிசையே இருக்காது. சாதாரண ஜாயின் போட்டால், நீங்கள் தேடுகிற பக்கங்கள்தான் முதலில் காணாமல் போகும். பட்டியல் சின்னதாக, அழகாக வரும். யாருக்கும் சந்தேகமே வராது.

மறுபக்கமும் உண்டு. லிங்க்டார்கெட்டில் வரிசை இருப்பதால் இப்போது இணைப்பு இருக்கிறது என்று பொருள் இல்லை. இணைப்பை நீக்கிய பிறகும் வரிசை அப்படியே கிடக்கலாம். டெம்ப்ளேட்லிங்க்ஸ், கேட்டகரிலிங்க்ஸ் இரண்டும் அதே டேபிளைத்தான் பகிர்கின்றன. எதற்காக வந்த வரிசை என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த வகைக் குவெரிக்கு நாட் எக்ஸிஸ்ட்ஸ் போடுங்கள். வெளியே பேஜ் (பெயர்வெளி 0, வழிமாற்று அல்ல). உள்ளே லிங்க்டார்கெட்டும் பேஜ்லிங்க்ஸும் ஜாயின் ஆகி, கட்டுரைவெளியிலிருந்து வரும் இணைப்பு ஒன்றாவது இருக்கிறதா என்ற கேள்வி. லெஃப்ட் ஜாயின்தான் வேண்டும் என்றால் பிஎல்_ஃப்ரம்_நேம்ஸ்பேஸ் நிபந்தனை ஆன் பகுதியில் இருக்கட்டும். வேர் பகுதியில் வைத்தால் நல் வரிசைகள் எல்லாம் வடிகட்டப்பட்டு, விடை காலி.

#5 கொக்கிமுள்

சிவப்பிணைப்புக் குவெரி பிழையில்லாமல் ஓடுகிறது, ஆனால் முடிவதில்லை. குவெரி ஓடும் திட்டத்தைப் பார்க்க எக்ஸ்ப்ளெயின் கொடுத்தால் 1345, அடியிலுள்ள டேபிளுக்கு உரிமை இல்லை என்கிறது. தனித் தலைப்பு ஒன்றைத் தேடும் சின்னக் குவெரிகூட இழுக்கிறது. அதில் எல்டி_டைட்டில் மட்டும் கொடுத்திருந்தேன்.

#6 சுழியம்

சின்னக் குவெரிக்கு விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. லிங்க்டார்கெட்டின் இண்டெக்ஸ் பெயர்வெளியில் தொடங்குகிறது, தலைப்பு அதற்கு அடுத்தது. பெயர்வெளி இல்லாமல் தலைப்பை மட்டும் கொடுத்தால் இண்டெக்ஸ் பயன்படாது, டேபிள் முழுக்க வாசிக்கும். வேகத்தை விடுங்கள், விடையும் கலந்துவிடும்: "தமிழ்நாடு" என்ற தலைப்பு கட்டுரையாக 0இலும், வார்ப்புருவாக 10இலும், பகுப்பாக 14இலும் இருக்கலாம். பழைய கேட்டகரிலிங்க்ஸில் சிஎல்_டு என்றாலே பகுப்பு, எண் 14 எங்கும் எழுத வேண்டியதில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டும். பகுப்புக் குவெரியை மாற்றும்போது விட்டுப்போவது இதுதான்.

பெரிய குவெரிக்கு வரிசையை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஜாயின் செய்துவிட்டுக் கடைசியில் தலைப்பைக் கொண்டு குரூப் பை போடுவது பழைய பழக்கம். இப்போது தலைப்புக்குப் பதில் எண் இருக்கிறதே, அதை வைத்தே முதலில் எண்ணிவிடலாம். உள்குவெரியில் பேஜ்லிங்க்ஸ் மட்டும்: பிஎல்_ஃப்ரம்_நேம்ஸ்பேஸ் 0, பிஎல்_டார்கெட்_ஐடி வாரியாகக் குரூப், எண்ணிக்கை 10க்கு மேல். பேஜ்லிங்க்ஸில் இந்த இரண்டு புலங்களும் அடுத்தடுத்து வரும் இண்டெக்ஸ் இருக்கிறது. எண்ணிக்கை அதிலேயே முடியும். மிஞ்சும் சில ஆயிரம் எண்களை மட்டும் வெளியே லிங்க்டார்கெட்டோடும் பேஜோடும் சேருங்கள்.

1345: ரெப்ளிகாவில் நீங்கள் பார்ப்பது எல்லாம் வியூ, அதாவது டேபிளின் மேல் போட்ட வடிகட்டி. அடியிலுள்ள டேபிள் உங்களுக்குத் தெரியாது, எக்ஸ்ப்ளெயினும் நடக்காது. டூல்ஃபோர்ஜில் எஸ்கியூஎல் ஆப்டிமைசர் என்ற கருவி இருக்கிறது, குவெரியை ஒட்டினால் திட்டத்தைக் காட்டும். அல்லது ஒரு இணைப்பில் குவெரியை ஓடவிட்டு, இன்னொரு இணைப்பிலிருந்து ஷோ எக்ஸ்ப்ளெயின் ஃபார் என்று முதல் இணைப்பின் எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே வழங்கியில் விழுந்திருக்க வேண்டும்.

ஒரு பக்கக் குறிப்பு: வார்ப்புருவுக்குள் இருக்கும் இணைப்பும் அதை ஒட்டிய ஒவ்வொரு கட்டுரையின் கணக்கில் சேரும். 234 தொகுதிப் பெட்டியில் ஒரு சிவப்பு இருந்தால் பட்டியலின் உச்சியில் அதுதான் நிற்கும். தரவுத்தள மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கை வைத்த கையோடு, பெயர்வெளி 10இலிருந்தும் இணைப்பு வரும் இலக்குகளுக்கு ஒரு குறி போட்டுவிட்டால் பட்டியல் பயன்படும்.

#7 நெல்லிமரம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? ஏபிஐ இத்தனை மாற்றத்திலும் அப்படியே இருந்தது. ஒரு பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று ஏபிஐயில் 2017இல் கேட்ட அதே கேள்வியை இன்றும் கேட்கலாம். ரெப்ளிகாவின் வடிவம் மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த மாற்றத்தில் இதே இழையை மறுபடி தொடங்கப்போகிறீர்கள்.

#8 தறிநாடா

நெல்லிமரம், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒரு பக்கம், ஒரு பயனர், ஒரு பகுப்பு பற்றிய கேள்வி என்றால் ஏபிஐதான். ஒரு வேண்டுகோளுக்கு 500 விடை, தானியங்கிக் கணக்கானால் 5,000. அதற்கு எஸ்கியூஎல் எழுதுவது வீண்.

விக்கி முழுமைக்குமான பட்டியல் வேறு. எல்லாக் கட்டுரைகளின் எல்லா இணைப்புகளையும் ஏபிஐ வழியே உறிஞ்சி, பைத்தானில் எண்ணுவதை யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது.

மாற்றம் வரும்போது திடுக்கிடாமல் இருக்க இரண்டு ஏற்பாடு போதும். முதலாவது, குவெரி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். 2017 நிரல்களில் அவை ஃபங்ஷன்களுக்குள் துண்டு துண்டாக, சில இடங்களில் சரங்களை ஒட்டி உருவாக்கியதாக இருக்கும்; பெயரைத் தேடினால்கூட அகப்படாது. இரண்டாவது, தினமும் ஒருமுறை ஒவ்வொரு குவெரியையும் கடைசியில் லிமிட் 0 சேர்த்து ஓடவிடும் ஒரு சின்ன வேலை. வரிசை எதுவும் வராது, நேரமும் எடுக்காது. ஆனால் புலமோ டேபிளோ போயிருந்தால் 1054 அல்லது 1146 அன்றைக்கே மின்னஞ்சலில் வந்துவிடும். அறிவிப்புக்கு கிளவுட்-அனௌன்ஸ் அஞ்சல் பட்டியலும், வாரந்தோறும் வரும் டெக் நியூஸும். பழைய புலமும் புதிய புலமும் சேர்ந்து இருக்கும் இடைக்காலம் ஒன்று எப்போதும் உண்டு: முதலில் இரண்டிலும் எழுதுவார்கள், பிறகு புதியதிலிருந்து வாசிப்பார்கள், அதன் பிறகே பழையதை நீக்குவார்கள். குவெரியை மாற்ற வேண்டிய நேரம் அந்த இடைக்காலம். அப்போது இரண்டையும் ஓட்டி ஒப்பிட முடியும், நீக்கிய பிறகு முடியாது.

இன்னொன்று. 2017 கருவி என்றால் டூல்ஃபோர்ஜின் பழைய வேலை இயக்கியான கிரிட் என்ஜினில் ஓடியிருக்கும். அது 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. குவெரியைத் திருத்தினாலும் பழைய கிரான் வரி ஓடாது. டூல்ஃபோர்ஜ் ஜாப்ஸ் கட்டளையால் குபர்நெட்டீஸில் பதிய வேண்டும்.

#9 கொக்கிமுள்

அ கருவி ஓடிவிட்டது, உள்குவெரி முறையில் சீக்கிரம் முடிகிறது. நன்றி. இப்போது ஆ. ஜாயினை இரண்டு குவெரியாகப் பிரித்து, தமிழ் விக்கி முடிவை விக்கித்தரவுக்கு ஐஎன் பட்டியலாக அனுப்புவது என்று வைத்திருக்கிறேன். சரியா?

#10 சுழியம்

பிரிக்கும் முன், அந்த ஜாயின் எதற்காக இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டுரைத் தலைப்பிலிருந்து விக்கித்தரவு உருப்படி எண்ணைக் கண்டுபிடிக்கத்தான். அது தமிழ் விக்கியிலேயே இருக்கிறது: பேஜ்_ப்ராப்ஸ் டேபிளில் பிபி_ப்ராப்நேம் விக்கிபேஸ்_ஐட்டம் என்ற வரிசை, மதிப்பில் உருப்படி எண். கட்டுரையில் படம் உண்டா என்பதும் அதே டேபிளில்: பேஜ்_இமேஜ்_ஃப்ரீ, பேஜ்_இமேஜ் இரண்டில் ஒன்றாவது இருந்தால் உண்டு. இது முகப்புப் படமாக எடுக்கத் தகுந்தது இருக்கிறதா என்ற கணக்கு. சின்னச் சின்னமும் கொடியும் மட்டும் உள்ள கட்டுரை "படமில்லாதது" பக்கம் போகும். உங்கள் தேவைக்கு அதுவே சரி.

மிச்சம், உருப்படியில் பி18 (படம்) கூற்று உண்டா என்பது. நெல்லிமரம் சொன்ன ஏபிஐ இங்கேதான் பொருத்தம். டபிள்யூபிகெட்என்டிட்டீஸ் வேண்டுகோளுக்கு 50 எண் வீதம் அனுப்புங்கள். 3,000 கட்டுரை என்றால் 60 வேண்டுகோள். விக்கித்தரவு ரெப்ளிகாவைத் தொடவே வேண்டாம்.

வேறு கருவிக்கு இரண்டு விக்கியும் தேவைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு திறக்க வேண்டும். விக்கிப் பெயர்.அனலிடிக்ஸ்.டிபி.எஸ்விசி.விக்கிமீடியா.கிளவுட் என்ற வடிவில் வழங்கிப் பெயர். இணையப்பக்கத்துக்கு உடனடி விடை வேண்டுமென்றால் அனலிடிக்ஸ் இடத்தில் வெப். ஒரே இணைப்பில் யூஸ் கொடுத்து விக்கி மாறும் பழைய உத்தி, இரண்டு விக்கிகளும் தற்செயலாக ஒரே பிரிவில் இருந்தால் வேலை செய்யும். அதை நம்பாதீர்கள், விக்கிகளைப் பிரிவு மாற்றுவது உண்டு. உங்கள் சொந்த டேபிள்கள் டூல்ஸ்டிபியில். அதுவும் தனி வழங்கி, ரெப்ளிகாவோடு ஜாயின் ஆகாது.

#11 பனையோலை

ஜாயினைத் தரவுத்தளத்திலிருந்து பைத்தானுக்குக் கொண்டுவரும்போது தமிழுக்கென்றே சில தொல்லைகள் கூடவே வரும். முன்பு தரவுத்தளமே பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டது, இரண்டு பக்கமும் மீடியாவிக்கி எழுதியது, பொருந்தியது. இப்போது ஒப்பிடுவது நீங்கள்.

தலைப்புப் புலங்கள் எல்லாம் வார்பைனரி, அதாவது எழுத்தாக அல்ல, வெறும் பைட்டாகச் சேமிப்பவை. பைமைஎஸ்கியூஎல் அவற்றை பைட்ஸாகத்தான் தரும், இணைப்பில் யூடிஎஃப்8எம்பி4 என்று சொன்னாலும் சரி. பைத்தான் 2இல் பைட்ஸும் ஸ்டிரிங்கும் ஒன்று என்பதால் டிகோட் செய்யாமலே ஓடியிருக்கும். பைத்தான் 3இல் பைட்ஸும் ஸ்டிரிங்கும் ஒருபோதும் சமமாகாது. பிழையும் வராது, செட் வெட்டு காலியாக வரும். குவெரி முடிவு உள்ளே நுழையும் ஒரே இடத்தில் டிகோட் செய்யுங்கள்.

தரவுத்தளத்தில் சொற்களுக்கிடையே அடிக்கோடு, ஏபிஐ விடையில் இடைவெளி. ஒன்றை மற்றதாக்குங்கள்.

"கொ" என்பதை க + ொ என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம், க + ெ + ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மீடியாவிக்கி எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு மாற்றி, முதல் வகையாகவே சேமிக்கும். எக்செல்லிலிருந்தோ பழைய எழுத்துரு மாற்றியிலிருந்தோ வந்த பட்டியலில் இரண்டாம் வகை இருக்கும். ஒகர, ஓகார, ஔகார வரிசைத் தலைப்புகள் மட்டும் பொருந்தாமல் நின்றால் காரணம் இதுதான். யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி கொடுத்தால் தீரும். ஸ்ரீ தீராது: ஸகரத்தில் தொடங்குவது, ஶகரத்தில் தொடங்குவது என்று இரண்டு வகை புழக்கத்தில் உண்டு, என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. அதற்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுதுங்கள்.

வார்பைனரியில் லெஃப்ட் 1 என்றால் ஒரு பைட், எழுத்தில் மூன்றிலொரு பங்கு. முதலெழுத்து வாரியாகப் பிரிக்க லெஃப்ட் 3, அல்லது யூடிஎஃப்8எம்பி4க்கு கன்வர்ட் செய்துவிட்டு லெஃப்ட் 1. லைக்கில் அடிக்கோடு ஒரு பைட்டுக்குத்தான் நிற்கும் என்பதும் இதே கதை.

#12 கொக்கிமுள்

இந்த ஒகர விஷயம் ஆ கருவியின் கையால் செய்த விலக்குப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. பகுப்பு மரம் இறங்கும் பகுதி பைத்தானில் சுழல்கிறது, ஒவ்வொரு துணைப்பகுப்புக்கும் ஒரு குவெரி. அதை ஒரே குவெரியாக்கலாமா?

#13 தறிநாடா

ஆக்கலாம். மரியாடிபியில் வித் ரிகர்சிவ் இருக்கிறது. ஒரு படி இறங்க: பகுப்பின் பேஜ் வரிசை (பெயர்வெளி 14) → அதே தலைப்பில், பெயர்வெளி 14இல் லிங்க்டார்கெட் → எல்டி_ஐடியை சிஎல்_டார்கெட்_ஐடியாகக் கொண்ட கேட்டகரிலிங்க்ஸ், சிஎல்_டைப் சப்கேட் → சிஎல்_ஃப்ரம் வழியே துணைப்பகுப்பின் பேஜ். பழைய வடிவத்தில் இரண்டு ஜாயின், இப்போது மூன்று.

தமிழ் விக்கியில் பகுப்பு வட்டங்கள் உண்டு, அ பகுப்புக்குள் ஆ, ஆவுக்குள் அ. யூனியன் ஆல் போட்டால் முடிவே இல்லை. யூனியன் போட்டால் ஏற்கெனவே வந்த வரிசை மறுபடி சேராது, வட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஆழத்தை எண்ண ஒரு புலம் சேர்த்தீர்களோ, அதே பகுப்பு ஆழம் 2இலும் ஆழம் 4இலும் வேறு வேறு வரிசையாகிவிடும், யூனியன் தடுக்காது. ஆழம் வேண்டுமென்றால் வரம்பும் வேண்டும், 5 அல்லது 6 படி. அதற்குக் கீழே போனால் "தமிழ்நாட்டு ஆறுகள்" என்று தொடங்கியது அணை, மின்நிலையம், அரசியல்வாதி என்று எங்கேயோ போய் நிற்கும்.

#14 நெல்லிமரம்

இ கருவியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆக்டர்தானே, ஒரு ஜாயின்.

#15 சுழியம்

ஒரு ஜாயின்தான், ஆனால் மூன்று கருவிகளில் அமைதியாகத் தப்பு விடை தரப்போவது இதுவே.

ஒன்று: எந்த வியூ. ரிவிஷன் வியூவில் ரெவ்_ஆக்டர் நேரடிப் புலம் அல்ல, பயனர் பெயர் மறைக்கப்பட்ட திருத்தமானால் நல் என்று கணக்கிட்டுத் தருவது. கணக்கிட்ட புலத்தில் இண்டெக்ஸ் வேலை செய்யாது. ஒரு பயனரின் திருத்தங்களைத் தேடும்போது ரிவிஷன்_யூசர்இண்டெக்ஸ் வியூவை எடுங்கள். அதில் மறைக்கப்பட்ட வரிசைகளே கிடையாது, இண்டெக்ஸ் உண்டு. மொத்தத் திருத்தங்களை எண்ண ரிவிஷன். இரண்டின் மொத்தமும் சரியாகப் பொருந்தாது. மறைக்கப்பட்டவை அளவுக்கு வித்தியாசம் இருக்கும். அதைப் பிழை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டு: ஆக்டர் வியூ கனமானது, ஒவ்வொரு பெயரும் எங்காவது வெளியில் தெரியக்கூடியதா என்று பல டேபிள்களில் சரிபார்க்கும். திருத்தங்களுக்கு ஆக்டர்_ரிவிஷன், குறிப்பேட்டுக்கு ஆக்டர்_லாக்கிங் என்று தனி வியூக்கள் இருக்கின்றன. காமென்டுக்கும் அப்படியே. இதை மாற்றினாலே பாதிக் குவெரிகளின் வேகம் திரும்பிவிடும்.

மூன்று, முக்கியமானது. உங்கள் பழைய நிரலில் ஐபி என்பதற்கு ரெவ்_யூசர் = 0 என்று இருக்கும். ஆக்டரில் ஐபிக்கு ஆக்டர்_யூசர் நல், சுழியம் அல்ல. புலத்தின் பெயரை மட்டும் மாற்றி = 0 என்று விட்டால் ஐபி கணக்கு சுழியம் வரும். சரி, நல் என்று திருத்தினாலும் முடியவில்லை. தற்காலிகக் கணக்கு நடைமுறைக்கு வந்த விக்கிகளில், புகுபதிகை செய்யாமல் தொகுப்பவருக்கு ~2025-12345-67 என்ற வகைப் பெயரில் கணக்கு உருவாகும். அதற்குப் பயனர் எண் உண்டு, ஆக்டர்_யூசர் நல் அல்ல. உங்கள் அறிக்கையில் ஐபி தொகுப்புகள் அடியோடு நின்று, பதிவு செய்த புதுப் பயனர்கள் கொட்டுவதுபோலத் தெரியும். யாராவது அதைப் பார்த்துவிட்டு ஆலமரத்தடி உரையாடல் பக்கத்தில் மகிழ்ச்சி அறிவிப்புப் போட்டுவிடுவார்கள்.

யூசர் டேபிளில் யூசர்_இஸ்_டெம்ப் என்ற புலம் இருக்கிறது. நான்கு வகை வையுங்கள்: ஆக்டர்_யூசர் நல் என்றால் ஐபி, யூசர்_இஸ்_டெம்ப் 1 என்றால் தற்காலிகம், யூசர்_க்ரூப்ஸில் பாட் என்றால் தானியங்கி, மிச்சம் பதிவு செய்தவர். யூசர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் வேண்டும், இல்லையென்றால் ஐபி வரிசைகள் விழுந்துவிடும். தற்காலிகக் கணக்கு ஆள் அல்ல என்பதையும் மறக்காதீர்கள். குக்கீ போனால் அதே ஆள் புதுப் பெயரில் வருவார். எனவே "எத்தனை பேர்" என்ற வரியில் அவர்களைச் சேர்க்காமல், தொகுப்பு எண்ணிக்கையில் மட்டும் சேர்ப்பதே நியாயம்.

நேரம் 14 இலக்கச் சரம், யூடிசி. மாத எல்லையை இந்திய நேரத்தில் வேண்டுமென்றால் முதல் நாள் 00:00 என்பது முந்தைய நாள் 18:30.

#16 எட்டயம்

இழைக்குச் சற்று வெளியே. சொந்த சர்வரில் மீடியாவிக்கி 1.31 ஓடுகிறது, நாங்களே எழுதிய எக்ஸ்டென்ஷன் ஒன்று டெம்ப்ளேட்லிங்க்ஸை நேரடியாக வாசிக்கிறது. 1.43க்குப் போக வேண்டும். இதே மாற்றங்கள்தானே?

#17 தறிநாடா

அதே மாற்றங்கள், ஆனால் அங்கே தரவை நகர்த்துவதும் உங்கள் பொறுப்பு. 1.31இலிருந்து 1.43க்கு நேரே தாவ முடியாது. 1.35 அல்லது 1.39 வழியாகப் போங்கள், ஒவ்வொரு நிலையிலும் அப்டேட் ஸ்கிரிப்டை முழுதாக ஓடவிட்டு. லிங்க்டார்கெட்டுக்கு மாற்றும் வேலையை அதுவே செய்யும். பெரிய விக்கியானால் இந்தப் படிதான் அதிக நேரம் எடுக்கும், பாதியில் கொல்லாதீர்கள்.

தொடங்கும் முன் டம்ப் எடுக்கும்போது கேரக்டர் செட்டை பைனரி என்று கொடுங்கள். இல்லாவிட்டால், டேபிள் லத்தீன் என்று பதிவாகியிருக்கும் நிறுவலில், உள்ளே கிடக்கும் தமிழையும் மைஎஸ்கியூஎல் லத்தீன் என்று நினைத்து இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கிவிடும். மீட்கும்போதுதான் தெரியும்.

எக்ஸ்டென்ஷனில் புலத்தின் பெயரை எழுதுவதையே நிறுத்திவிடுங்கள். கோரில் லிங்க்ஸ்மைக்ரேஷன் என்ற கிளாஸ் இருக்கிறது. டேபிள் பெயரையும் இலக்கையும் கொடுத்தால் அந்தப் பதிப்புக்கு ஏற்ற நிபந்தனையை அதுவே தரும். திருத்தங்களை வாசிக்க ரிவிஷன்ஸ்டோர், சுருக்கத்துக்கு காமென்ட்ஸ்டோர். பக்க உரையை ரெவ்_டெக்ஸ்ட்_ஐடி பிடித்து டெக்ஸ்ட் டேபிளில் தேடும் வரி இருந்தால் அது செத்துவிட்டது. நடுவில் ஸ்லாட்ஸ், கன்டென்ட் என்று இரண்டு டேபிள்கள் வந்துவிட்டன. ஒரு திருத்தத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்லாட் இருக்கலாம் என்பதால் கையால் ஜாயின் போட்டு எண்ணினால் திருத்தம் இரட்டிக்கும்.

#18 கொக்கிமுள்

மூன்றும் இப்போது ஓடுகின்றன. விடை சரி என்று எப்படி உறுதி செய்வது? பழைய புலங்கள் போய்விட்டதால் பழைய குவெரியோடு ஒப்பிட வழியில்லை.

#19 நெல்லிமரம்

மறுபடியும் ஏபிஐதான். சிவப்பிணைப்புப் பட்டியலில் உச்சியிலிருந்து 10, நடுவிலிருந்து 10, அடியிலிருந்து 10 தலைப்பு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் லிங்க்ஸ்ஹியர் (எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது) கேட்டு, கட்டுரைவெளி மட்டும் எண்ணுங்கள். ஓரிரண்டு வித்தியாசம் ரெப்ளிகா பின்தங்கியிருப்பதால் வரும். ஹார்ட்பீட்_பி தரவுத்தளத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். பத்துப் பத்தாக வித்தியாசம் என்றால் பெயர்வெளி நிபந்தனை எங்கோ விட்டிருக்கிறது.

#20 பனையோலை

மாதிரியில் ஒகரத்தில் தொடங்கும் தலைப்பு ஒன்று, 80 குறியெண்ணை நெருங்கும் நீளத் தலைப்பு ஒன்று, அடைப்புக்குறி உள்ளது ஒன்று, ஸ்ரீ உள்ளது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சாதாரணத் தலைப்புகள் எப்படியும் தேறிவிடும்.

இ கருவிக்கு, பழைய மாத அறிக்கைகள் விக்கியில் எங்காவது இருந்தால் 2017இன் ஏதாவது ஒரு மாதத்தைப் புது நிரலில் ஓட்டிப் பாருங்கள். நீக்கப்பட்ட பக்கங்களின் திருத்தங்கள் ஆர்கைவ் டேபிளுக்குப் போயிருக்கும், அதனால் இன்றைய எண் சற்றுக் குறைவாக வரலாம். இறக்குமதி எதுவும் நடக்காமல் கூடுதலாக வந்தால் ஜாயினில் வரிசை இரட்டிக்கிறது. யூசர்_க்ரூப்ஸைப் பாருங்கள், ஒரே பயனர் இரண்டு குழுவில் இருப்பார்.

#21 கொக்கிமுள்

இரட்டித்தது அதுதான், நிர்வாகிகள் எல்லோரும் இரண்டு முறை வந்தார்கள். யூசர்_க்ரூப்ஸ் ஜாயினில் பாட் நிபந்தனையை ஆன் பகுதிக்கு மாற்றியதும் சரியானது. கடைசியாக ஒன்று: ஆ கருவி பகுப்புக்குள் சிஎல்_சார்ட்கீ வைத்து வரிசைப்படுத்தி, அதையே திரையிலும் காட்டுகிறது. வெறும் குப்பையாக வருகிறது.

#22 சுழியம்

சார்ட்கீ வரிசைப்படுத்த மட்டும். யூசிஏ (யூனிகோட் அடுக்குமுறை) அடிப்படையில் அடுக்கும் விக்கியில் அது படிக்கக்கூடிய எழுத்தே அல்ல. ஆர்டர் பையில் அதை விட்டுவிட்டு, திரையில் பேஜ்_டைட்டிலைக் காட்டுங்கள். பக்கத்தில் கைப்பட எழுதிய அடுக்குச் சொல் வேண்டுமென்றால் சிஎல்_சார்ட்கீ_ப்ரிஃபிக்ஸ்.